நாற்பது வரிக்கு ஓர் இடம்

புரோகிராமர் எழுதியது மொத்தம் நாற்பது வரிதான். அதிலும் முதல் ஆறு வரி, எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்ற விளக்கம். மிச்சமிருந்த முப்பத்து நான்கு வரிக்கு ஒரே ஒரு வேலை. பெரிய ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் தினமும் காலை ஆறு மணிக்கு மெஷின்களை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறதோ, அன்று அந்த மெஷினில் முறை இருக்கிற நோயாளியின் போனுக்கு உடனே ஒரு செய்தி போக வேண்டும்: 'இன்று உங்கள் முறை ரத்து. வர வேண்டாம்.' அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர், காபி நேரத்துக்குள் எழுதி முடித்துவிட்டார்.

எழுதியது அக்காவுக்காக. அக்கா அவரோடுதான் இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் காலை ஆறரைக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, எட்டரைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேருவாள். மெஷின் படுத்துவிட்டது என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சின்ன கிளினிக் இருந்தது. அங்கே இருந்த ஒரே மெஷினில் தினமும் ஒரு இடத்தை இப்படி முறை தவறுகிறவர்களுக்காக விட்டுவைத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குள் போய்ச் சொன்னால் இடம் உண்டு. ஏழு தாண்டினால் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆக, ஆறே கால் மணிக்கு ஒரு செய்தி வந்தால் அக்காவுக்கு அன்றைய நாள் பிழைக்கும்.

"ஒரு தடவை தவறினா சமாளிச்சுக்கலாம்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அடுத்தடுத்து ரெண்டு தவறவே கூடாது."

புரோகிராமர் வேலை பார்த்ததும் அதே ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில்தான். எழுதியதைக் கொண்டுபோய் ஒரு கணினியில் போட்டு ஓடவிடலாம் என்று அவர் நினைத்தார். அங்கேதான் சிக்கல். எதை ஓடவிடுவதானாலும் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தளத்தில்தான் ஓடவிட வேண்டும் என்று விதி இருந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தளம் எதுவும் இல்லை. சரி, தேர்ந்தெடுப்போம் என்றார்கள்.

இந்த மாதிரி வேலைக்கென்றே சர்வர்லெஸ் தளங்கள் என்று சில உண்டு. நாம் எழுதியதை அதன் கையில் கொடுத்துவிட்டால் போதும். கூப்பிட்டால் எழுந்து வேலையை முடிக்கும், முடிந்ததும் படுத்துக்கொள்ளும். தனியாக ஒரு கணினியைக் கட்டி மேய்க்க வேண்டிய தொல்லை நமக்கு இல்லை. அதிலும் திறந்த மூலத் தளங்கள் என்பவை ஊர்ப்பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், உரிமக் கட்டணம் கிடையாது. நல்லதாக மூன்று இருந்தன. எதை எடுத்திருந்தாலும் நாற்பது வரி நிம்மதியாக ஓடியிருக்கும். மூன்று இருந்ததுதான் வினையாகப் போயிற்று. ஒன்று மட்டும் இருந்திருந்தால் குழு தேவைப்பட்டிருக்காது.

தளத் தேர்வுக் குழுவில் ஏழு பேர். தலைவரை ஆஸ்பத்திரி முழுக்க 'கட்டம் சார்' என்பார்கள். எதைச் சொன்னாலும் கோடு போட்டுக் கட்டம் கட்டி, அதற்குள் எழுதிக் காட்டச் சொல்வார். கட்டத்துக்கு வெளியே எழுதப்பட்ட எதையும் அவர் படித்ததாகச் சரித்திரம் இல்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார், யாரையும் கடிந்துகொண்டதில்லை. முதல் கூட்டத்திலேயே மனம் திறந்து பேசினார்.

"முடிவெடுக்கிறது பெரிய காரியமே இல்லைங்க. அவசரக்காரன் எவன் வேணா எடுத்துடுவான். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு தப்பான முடிவு கூட எடுத்தது கிடையாது. ஏன்னா, நான் முடிவே எடுத்தது கிடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். புரோகிராமரும் தட்டினார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்.

தளங்களின் பெயரைச் சொல்வதே பாரபட்சம் என்று அன்றே தீர்மானமாயிற்று. முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒப்பீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். நூற்றுப் பதினெட்டுக் கட்டங்கள். புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் வாங்கியபோது தயாரித்தது. அங்கீகரிக்கப்பட்ட ஒப்பீட்டுப் படிவம் ஆஸ்பத்திரியில் அது ஒன்றுதான் என்பதால் அதையே நிரப்பச் சொன்னார்கள். 'ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம்?' என்ற கட்டத்தில் புரோகிராமர் ஆயிரம் என்று எழுதினார். 'நடுவில் நின்றுபோனால் மணி அடிக்குமா?' என்பதற்கு, இரண்டாம் தளம் மட்டும் அடிக்கும் என்று எழுதினார். உண்மையும் அதுதான். 'கதவு இடுக்கில் விரல் மாட்டுமா?' என்ற கட்டத்தின் முன் இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, இதுவரை புகார் இல்லை என்று எழுதினார்.

படிவத்தின் கடைசிக் கட்டம், உரிமையாளரின் கையெழுத்து.

"உரிமையாளர்னு யாரும் கிடையாது சார்," என்றார் புரோகிராமர். "உலகம் முழுக்க ஆளுக்குக் கொஞ்சமா எழுதினது. எல்லாருக்கும் பொது."

கட்டம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓனர் இல்லாத பொருளை ஆஸ்பத்திரிக்குள்ள எப்படித் தம்பி விடறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் மேல பழி போடுவோம்? வேலை நடக்கலைன்னா கூடப் பரவாயில்லை. பழி நடுத்தெருவுல அநாதையா நிக்கக் கூடாது."

ஆகவே மூன்று தளங்களிலும் எப்போதாவது ஒரு எழுத்தாவது எழுதிய அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நேரில் வரச் சொல்லிக் கடிதம் போயிற்று. ஐந்து மாதம் கழித்து ஒரே ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மூன்றாம் தளத்தின் உதவிக் குறிப்பில் எழுத்துப்பிழை ஒன்றைக் கண்டு பொறுக்காமல் திருத்தியவர். கூப்பிட்டார்களே என்ற மரியாதைக்காகச் சொந்தச் செலவில் ரயிலேறி வந்திருந்தார். அவரை 'மூன்றாம் தள உரிமையாளர்' என்று எழுதிய நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"நான் ஒரு பிழையைத்தாங்க திருத்தினேன்," என்றார் ஆசிரியர்.

"அப்போ பிழை இருந்துச்சுன்னு ஒத்துக்கறீங்க," என்றார் கட்டம் சார்.

"இருந்துச்சு. அதைத்தான் திருத்திட்டேனே."

"திருத்தறதுக்கு முன்னாடி எத்தனை நாள் இருந்துச்சு? அத்தனை நாளும் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். மூன்றாம் தளத்துக்கு நாலு மதிப்பெண் குறைந்தது. ஆசிரியர் போகும்போது புரோகிராமரிடம், "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா தம்பி? உங்க வேலை என்னால கெட்டுடலையே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஆஸ்பத்திரியில் அந்த வருடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அதற்கப்புறம்தான் பெரிய கண்டம் வந்தது. கையெழுத்தாகிற நாளில் எது கடைசிப் பதிப்போ, அதைத்தான் குழுவின் தேர்வு அறிக்கை பேச வேண்டும் என்று ஒரு விதி. ஏழு பேரின் மேசைகளைச் சுற்றி வர அறிக்கைக்கு ஐந்து வாரம் பிடித்தது. மூன்று தளங்களில் ஏதாவது ஒன்றுக்காவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது கையெழுத்தோ ஆறாவது கையெழுத்தோ விழுகிற சமயத்தில் அறிக்கை செத்துப்போகும். மறுபடி லிஃப்ட் படிவம், மறுபடி முதல் கட்டம். இப்படியே நாலு சுற்று ஓடிற்று. ஐந்து வாரத்தை இரண்டாகக் குறைக்கலாமே என்று புரோகிராமர் ஒருமுறை மெதுவாகச் சொன்னார். கட்டம் சார் வேறு வழி கண்டுபிடித்தார். மூன்று தளக்காரர்களுக்கும் கடிதம் எழுதினார்: 'எங்கள் தேர்வு முடியும்வரை தாங்கள் தயவுகூர்ந்து முன்னேறாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.'

"உன் நாப்பது வரி இப்ப எங்கடா நிக்குது?" என்று அக்கா வீட்டில் கேட்பாள்.

"நாலாவது சுத்துலக்கா."

"நான் எத்தனை சுத்து தாங்குவேன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். சிரித்தால் மூச்சு வாங்கும். முதலில் இதைக் கேட்டபோது புரோகிராமர் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். நாலாவது சுற்றில் எழவில்லை. காதில் விழுந்தது, தலையாட்டினார்.

இதற்கிடையில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் ஒரு காரியம் செய்தாள். திரும்பிப் போகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஒரு நாள் எல்லோருடைய நம்பரையும் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். ஆறு மணிக்கு மெஷின் படுத்தால் ஆறே காலுக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள். "அக்கா, இன்னிக்கு இங்க ஓடலை, கிளினிக்குக்கு ஓடிடுங்க." நாலு மாதம் இப்படியே நடந்தது. அக்காவுக்கு ஒரு முறைகூடத் தவறவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது.

அதைப் போய்க் குழுவில் சொன்னது புரோகிராமர்தான். இந்தக் கதையில் அவர் செய்த தப்பு அது. வேண்டுமென்று சொல்லவில்லை. 'தற்போதைய நடைமுறை என்ன?' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. கட்டம் இருந்ததே என்று நிரப்பிவிட்டார்.

கட்டம் சார் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். குழுவின் ஆலோசகர், அதுவரை எதற்கும் வாய் திறக்காத மனிதர், எழுந்து நின்றார்.

"கூப்பிட்டா மட்டும் வேலை செய்யுது. வேலை முடிஞ்சா சும்மா இருக்கு. உரிமம் கிடையாது. தனிக் கணினி வேண்டாம். உரிமையாளரும் கிடையாது, கணவர் தவறிட்டாராம். ஐயா, நாம கேட்ட தகுதி அத்தனையும் இருக்கு. இது நாலாவது தளம்."

நர்ஸை வரவழைத்தார்கள்.

"உங்க பதிப்பு என்னம்மா?" என்றார் கட்டம் சார்.

"புரியலைங்க."

"வயசு, வயசு."

"அம்பத்திரண்டு. வர்ற மாசம் அம்பத்திமூணு."

கட்டம் சாருக்கு வியர்த்துவிட்டது. "வர்ற மாசமே புதுப் பதிப்பு வருது! அதுக்குள்ள மதிப்பீட்டை முடிச்சாகணும்."

வரலாற்றில் முதல்முறையாகக் குழு அவசரப்பட்டது. மதிப்பீட்டில் இருக்கும் தளத்தைப் பயன்பாட்டில் விடக் கூடாது என்பது விதி. ஆகவே நர்ஸ் நோயாளிகளைக் கூப்பிடுவது அன்றோடு நின்றது. தளத்தைச் சுத்தமான நிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று அவள் போனிலிருந்த நம்பர்களையெல்லாம் அழித்தார்கள். பதிலுக்குக் குழுவினர் ஏழு பேரும் ஆளுக்கொரு சோதனை நம்பர் தர வேண்டும். ஏழு பேரும் வேலையாக இருந்ததால் ஏழு பேருமே புரோகிராமரின் நம்பரைக் கொடுத்தார்கள். டயாலிசிஸ் பிரிவுக்குப் பக்கத்து அறையில், காலை ஆறிலிருந்து பகல் ஒன்றுவரை, ஒரு குமாஸ்தா முன்னிலையில் நர்ஸ் புரோகிராமரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இடையே வெளியே போகக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. அவர் எடுத்து, கேட்டு, ஆறு வினாடிக்குள் துண்டித்து, படிவத்தில் எழுத வேண்டும். அந்நேரம் மற்ற அழைப்புகள் குறுக்கே வராதபடி அவர் போனைப் பூட்டிவிட்டார்கள்.

'இன்று உங்கள் முறை ரத்து. வர வேண்டாம்.' ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. முதல் நாள் ஒவ்வொரு தடவையும் அக்காவை நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆலோசகர் அதில் திருப்தியடையவில்லை. நிஜம் போலவே இருக்க வேண்டும் என்றார். அதனால் இரண்டாம் வாரத்திலிருந்து, இடையிடையே பதற்றமான குரலில் பேசவும், 'இது டெஸ்ட் இல்லை' என்று சேர்த்துச் சொல்லவும் நர்ஸுக்கு உத்தரவாயிற்று. அவளும் சொன்னாள். பாவம், நன்றாகவே சொன்னாள். உத்தரவில் இல்லாத சொல் எதையாவது சேர்த்தால் மட்டும் அரை மதிப்பெண் குறைக்க வேண்டும்.

அந்த வாரம் திங்கட்கிழமை மெஷின் ஓடவில்லை. யாரும் சொல்லவில்லை. அக்கா போய்விட்டுத் திரும்பி வந்தாள். கால் வீங்கியிருந்தது.

"புதன்கிழமை கண்டிப்பா ஏறிடணும்," என்றாள்.

"ஏறிடலாம்கா," என்றார் புரோகிராமர், படிவத்தில் கோடு போட்டுக்கொண்டே.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து உட்கார்ந்தார். அக்கா எதிர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வீக்கத்தால் வார் எட்டவில்லை, தளர்த்திவிட்டு மறுபடி முயன்றாள். போன் அடித்தது, எழுதினார். அடித்தது, எழுதினார். ஆறு பதினேழுக்கு மறுபடி அடித்தது.

"இன்னிக்கு உங்க முறை ரத்து. வர வேண்டாம். இது டெஸ்ட் இல்ல தம்பி, அம்மா சத்தியம்..."

ஆறு வினாடி ஆகிவிட்டது. துண்டித்தார். நேரம் எழுதினார். 'செய்தி பெறுநரைச் சேர்ந்ததா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினார். 'கூடுதல் சொற்கள்' என்ற கட்டத்தில் 'தம்பி, அம்மா சத்தியம்' என்று அழகாக எழுதி, அரை மதிப்பெண் குறைத்தார்.

"யாருடா, இவ்வளவு காலையில?" என்றாள் அக்கா.

"டெஸ்டுக்கா."

"நல்லாத்தான் வேலை செய்யுது போல," என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அக்கா படியிறங்கிப் போனாள்.

எட்டரைக்கு ஆஸ்பத்திரியில், மெஷின் ஓடவில்லை என்று சொன்னார்கள். கிளினிக் இடம் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வேறு மெஷின் ஏதாவது ஒழிந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்து மணிக்குப் படுத்தாள். பதினொன்றுக்கு மூச்சு இழுக்க, தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினார்கள். அங்கே ஒரு மெஷினை உருட்டிக்கொண்டு வருவதற்குள் இதயம் நின்றுவிட்டது. நேரம் பன்னிரண்டேகால் என்று குறித்திருந்தார்கள். தம்பியின் போனுக்கு ஒன்பது முறை கூப்பிட்டிருந்தார்கள். போன்தான் பூட்டியிருந்ததே. ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துவிட்டிருந்த தம்பி அப்போது இரண்டு மாடிக்கு மேலே, கணினிப் பிரிவில் இருநூற்று எழுபதாவது அழைப்பை எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு அறையைத் திறந்துவிட்டதும் நர்ஸ் மாடிப்படி ஏறி ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"மெஷின் பார்க்கிற மெக்கானிக் ஜன்னல் வழியா தலையை நீட்டி, மூணாம் நம்பர் படுத்துருச்சுன்னான் தம்பி. அது உங்க அக்கா மெஷின். எங்கிட்ட இருந்தது உங்க நம்பர் ஒண்ணுதான். அடுத்த தடவை வேற மாதிரி சொல்லலாம்னு பார்த்தேன். ஒரு தடவை விதி மீறிட்டேன்னு குமாஸ்தா போனை வாங்கி, அவரே பட்டனை அழுத்தி, என் வாய்கிட்ட புடிச்சாரு. வேற வார்த்தை ஆரம்பிச்சாலே கட் பண்ணிட்டாரு. உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு நினைச்சேனே."

புரோகிராமர் அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கை மட்டும் பழக்கத்தில் பேனாவைத் தேடிற்று.

பதினைந்து நாள் கழித்துக் குழு கூடிற்று. கட்டம் சார் முதலில் ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் நின்றார்கள். குறிப்பேட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டு, 'நின்றோம்' என்று எழுதினார். பிறகு உட்கார்ந்து படிவத்தைப் புரட்டினார்.

"நாலாம் தளம் அருமையாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஒரே ஒரு இடத்துல அரை மார்க் போயிருக்கு. புதன்கிழமை, ஆறு பதினேழு. நீங்க எழுதினதுதானே தம்பி?"

புரோகிராமர் எட்டிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான். கோணல் இல்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. தம்பி, அம்மா சத்தியம்.

"இதுல ஒரு திருத்தம் பண்ணணும் சார்."

"அந்த அரை மார்க்கையா?"

"இல்லை சார். அதுக்கு முந்தின கட்டம்."

பேனாவை வாங்கி, 'செய்தி பெறுநரைச் சேர்ந்ததா?' என்ற கட்டத்திலிருந்த 'ஆம்' என்பதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார். பேனா திரும்பி வருவதற்குள் ஆலோசகர் தொண்டையைச் செருமினார். இல்லை என்றால் தளம் தோல்வி. தளம் தோல்வி என்றால் ஐந்தாவது சுற்று. முதல் தளத்துக்குப் போன வாரம்தான் புதுப் பதிப்பும் வந்திருந்தது. இதில் எதையும் புரோகிராமர் மறந்துவிடவில்லை.

"திருத்தினா காரணம் எழுதணும் தம்பி," என்றார் கட்டம் சார் அன்பாக. "ஓரத்துல பாருங்க, சின்னதா ஒரு கட்டம் இருக்கு. அதுக்குள்ள அடங்கற மாதிரி எழுதுங்க. வெளியே போனா செல்லாது."

புரோகிராமர் குனிந்து எழுதினார். 'அக்கா கிளம்பிவிட்டாள்.'

கட்டம் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். சரியாக அடங்கியிருந்தது.